மூடி போடாத அடுப்பு

அக்காவின் சமையலறையில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு என்னுடையது. அத்தானைக் கொன்றது அதுதான். முதல் செய்தி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை ஐந்து மாதங்களாக நான் ஒருத்திதான் சுமந்துகொண்டிருந்தேன்.

அது பழுதானது குளிர்காலத்தில். எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் துருப்பிடிக்காத பொருள் என்று ஒன்றில்லை. துறைமுகத்திலிருந்து வரும் காற்று பூட்டையும் தின்னும், ஊக்கையும் தின்னும். அடுப்பின் கதவில் கீழ்க்கீல் தளர்ந்து, கதவு ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பித்தது. நான் அகலமான டேப்பை ஒட்டி இழுத்துப் பிடித்து, இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். சில சமயம் உள்ளே நீலமாக ஒரு பொறி தெறிக்கும். அப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அவ்வளவுதான். சந்தைக் கடையில் மீன் அடை பொரிக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்கக் கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்பவளுக்கு ஒரு சின்னப் பொறி பயமாகத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் அது மொத்தமாக நின்றுபோனது.

தூக்கிப் போடப் போகிறேன் என்றேன். அத்தான்தான் தடுத்தார்.

"முப்பது வருஷம் இழுவைப் படகோட இன்ஜின பிரிச்சுப் போட்டு மாட்டினவன் நான். இது ஒரு தகரப் பொட்டி. கொண்டா இங்க."

அவர் பெயர் குவோ-தாங். வயது ஐம்பத்தெட்டு. இதயக் குழாயில் அடைப்புக்காக ஒரு கம்பிவலை வைத்திருந்தார்கள். அதனால்தான் மார்ச் மாதத்தில் ஒரு சாயங்காலம் சமையலறைத் தரையில் அவர் கிடந்தபோது யாரும் வேறு எதையும் யோசிக்கவில்லை. மருத்துவர் இதயம் என்று எழுதினார். அக்கா இதயம் என்று அழுதாள். மேசை மேல் அடுப்பு மூடி கழற்றியபடி இருந்தது. அதன் பிளக் பிடுங்கி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மின்சாரத்தோடு சேர்ந்திராத ஒரு பொருளை யார் சந்தேகப்படுவார்கள்?

உடலைத் துடைத்து உடை மாற்றும் நேரத்தில் அக்காவால் நிற்க முடியவில்லை. அவர் கைகளைத் துடைத்தது நான். வலது ஆள்காட்டி விரலின் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதன் நடுவில் ஊசி குத்தியது போலக் கறுப்பு. இடது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, அதே மாதிரி இன்னொன்று. ஈரத்துணியால் தேய்த்தேன். போகவில்லை. நான் அவருடைய சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டேன். விரலை என்ன செய்வது? மற்ற விரல்களுக்குள் மடித்து வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரியாது என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். தெரியாதவள் ஏன் மறைத்தாள்?

சந்தைக்குப் பின் தெருவில் மின்விசிறி, குளிர்பெட்டி எல்லாம் பழுதுபார்க்கும் ஹோ அண்ணன் இருக்கிறார். ஒரு மாதம் கழித்து, வேறு யாருக்கோ நடந்ததைப் போல அவரிடம் கேட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்ட மைக்ரோவேவில் கரண்ட் இருக்குமா?

அவர் கையிலிருந்த நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இருக்கும் தங்கச்சி. உள்ள கெபாசிட்டர்னு ஒரு தகர டப்பா இருக்கு. குடத்துல தண்ணி புடிச்சு வைக்கற மாதிரி அது கரண்டைப் புடிச்சு வச்சுக்கும். குழாய மூடிட்டா குடம் காலியாயிடுமா? மத்த எந்தச் சாமானா இருந்தாலும் நானே வாயில சிகரெட்டோட பிரிப்பேன். மைக்ரோவேவ்னா மட்டும் முதல்ல சாமி கும்புட்டுட்டுத்தான். யாருக்கு ஆச்சு?"

"தெரிஞ்சவங்களுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். துறைமுகத்தின் இந்தப் பக்கத்தில் அந்த வருடம் யார் செத்தார் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் கேட்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் அக்கா வீட்டுக்குப் போவதை விட்டேன். நூறாம் நாள் சடங்குக்குக் கோயிலில் சந்தித்தோம். மற்ற நாட்களில் சந்தையில், பேருந்து நிறுத்தத்தில். அடுப்பை என்ன செய்தாய் என்று நான் கேட்கவே இல்லை. போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் முதல் நாள், இறந்தவர்கள் ஊருக்குள் வர மலைமேல் கதவு திறந்த அன்று, அவள் போன் செய்தாள்.

"சாயங்காலம் வா. அஞ்சரைக்கெல்லாம் இருக்கணும். உனக்கு ஒண்ணு காட்டணும்."

பல மாதங்களாக அவள் குரலில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது.

வழியெல்லாம் கடை வாசல்களில் மேசை போட்டு, பழமும் கோழியும் பிஸ்கட்டும் அடுக்கி, ஊதுவத்தி குத்தி வைத்திருந்தார்கள். நூற்று முப்பத்திரண்டு படி ஏறிப் போனேன். அக்கா பெய்-சென் கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தாள்.

"மீன் நாத்தத்தோட வர்றியே. தெருவுல இருக்கற அண்ணன்மாரெல்லாம் உன் பின்னாடியே படியேறி வந்திருப்பாங்க. வாசல்லயே நில்லு, எத்தன பேருனு எண்ணிக்கறேன்."

இந்த மாதத்தில் ஊருக்குள் வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, அண்ணன்மார் என்றுதான் சொல்வோம். அக்கா சிரித்தாள். அவளுடைய இடது கண் சிவந்து, நீர் கோத்திருந்தது. அடிக்கடி கையால் ஒற்றிக்கொண்டாள்.

"கண்ணுல என்ன?"

"அழுது அழுது மங்கிடுச்சு. உள்ள வா."

சமையலறை வாசலில் என் கால்கள் நின்றுவிட்டன. ஜன்னலுக்குப் பக்கத்துத் தட்டில், வெளிமூடி இல்லாமல், முதுகுப்பக்கம் ஒயர்கள் தெரிய, அது இருந்தது. கதவு பாதி தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒட்டிய டேப்பின் பிசின் கறை இன்னும் அதில் இருந்தது. உச்சியில் ஒரு பச்சைப் பாக்கெட் சோளப்பொரி உட்கார்ந்திருந்தது. அதன் பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்று அர்த்தம். எங்கள் ஊரில் சொன்னபடி நடக்கவேண்டிய எல்லா இயந்திரத்தின் மேலும் அது இருக்கும். ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் பெட்டி மேல், மருத்துவமனையில் மூச்சுக் கொடுக்கும் கருவி மேல். பாக்கெட் பச்சை நிறமாக இருக்கவேண்டும், கெடு தேதி தாண்டக்கூடாது, யாரும் பிரித்துத் தின்னக்கூடாது.

"தேதி பாத்துதான் வாங்கி வச்சேன்" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல."

"இத... நீ ஓட்டுறியா?"

"நான் ஓட்டல. அதான் காட்டறேன்னு சொன்னேன்ல. உக்காரு."

அடுப்புக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தாள். பக்கத்தில் எனக்கும் ஒன்று. அடுப்புக்குக் கீழ்த்தட்டில் மின்சாரச் சோற்றுப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூடி மெல்லத் தடதடத்தது. அவள் அத்தானின் கிண்ணத்தில் பன்றிக்கறிக் குழம்பு ஊற்றிய மதியச் சோற்றைப் போட்டு, அடுப்புக்குள் வைத்து, கதவைத் திறந்தே விட்டாள். ஏன் மூடவில்லை என்று கேட்டேன்.

"வர்றவருக்குக் கதவ மூடுவாங்களா?"

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி ஆகச் சில நிமிடம் இருந்தது. அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். சிறுமியாக இருந்தபோது துறைமுகத்தில் அப்பாவின் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் அவள் இப்படிச் செய்வாள்.

அடுப்பின் விளக்கு எரிந்தது. கண்ணாடித் தட்டு சுழன்றது. உறுமல் எழுந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

 அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் முன்னால் குனிந்து, அடுப்பின் திறந்த வாய்க்கு எதிரே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டியிருந்தாள்.

"வந்துட்டார்" என்றாள் மெதுவாக. "வேல முடிஞ்சு வந்ததும் மொதல்ல சோத்தச் சூடு பண்ணித்தான் உக்காருவார், ஞாபகம் இருக்கா? போன மாசக் கடைசில பிளக்க மாட்டினேன், அன்னியிலேந்து வர்றார். சரியா ஆறு மணிக்கு. கைய நீட்டு. நீட்டிப் பாரேன், யா-சீ."

நான் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அவளுக்காக என்று சொல்லலாம். ஆனால் ஒரு கணம் நானும் நம்பினேன் என்பதுதான் உண்மை. உள்ளங்கையில் ஒரு வெப்பம் வந்தது. அது தீயின் வெப்பம் இல்லை. எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றால் தோல் முதலில் சுடும். இது தோலைத் தொடாமல் உள்ளே, எலும்புக்குப் பக்கத்தில், ஆரம்பித்தது. யாரோ என் கையை உள்ளிருந்து பிடித்தது போல.

"அவர் உடம்புச் சூடு" என்றாள் அக்கா. அவள் முகமும் அந்த வெப்பத்துக்கு நேராக இருந்தது. கண்களை மூடவில்லை. சிவந்த இடது கண்ணை அகல விரித்து அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் தோளைப் பற்றி நாற்காலியோடு பின்னால் இழுத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. இந்த மாதத்தில் பின்னாலிருந்து தோளைத் தொடலாமா, தோளில் இருக்கும் உயிர்விளக்கு அணைந்துவிடாதா, உனக்கு அறிவிருக்கா என்று கத்தினாள். அதற்குள் அடுப்பு தானாக நின்றது. விளக்கு அணைந்தது.

"பயந்துட்டார்" என்றாள். "உன்னாலதான்."

மறுநாள் அடைகளை அரைகுறையாகப் பொரித்துவிட்டு ஹோ அண்ணனிடம் ஓடினேன். இந்த முறை தெரிந்தவர்களுக்கு என்று சொல்லவில்லை. விரலில் இருந்த புள்ளியைச் சொன்னேன், முழங்கைப் புள்ளியைச் சொன்னேன், ஆறு மணியைச் சொன்னேன். அவர் திருப்புளியைக் காதில் செருகியபடி கேட்டார்.

"கதவு திறந்தா அடுப்பு நிக்கணும்னு உள்ள மூணு ஸ்விட்ச் வச்சிருப்பான். கீல் போனதால அது சரியா ஒட்டல. உங்க அத்தான் சோதிச்சுப் பாக்கறதுக்காக மூணையும் ஒயரால இணைச்சிருப்பார். அப்புறம் எடுத்துடலாம்னு. எடுக்கறதுக்குள்ள ஆள் போயாச்சு. இப்ப அந்த அடுப்புக்குக் கதவு இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

"தானா எரியுதே அண்ணே?"

"அக்கா எங்க சோறு வடிக்கறாங்க?"

"அதுக்குக் கீழ்த்தட்டுல."

"எத்தன மணிக்கு?"

ஆறு மணிக்கு முன்னால் தடதடத்த பானை மூடி நினைவுக்கு வந்தது.

"ஆவி மேல போய் பட்டன் பலகைல படும். மூடியும் இல்ல, எல்லாம் திறந்து கெடக்கு. ஈரம் பட்டா பட்டனை யாரோ அழுத்தின மாதிரிதான் அதுக்கு. காஞ்சா நின்னுடும்." அவர் பெருமூச்சு விட்டார். "தங்கச்சி, சோத்த வேக வைக்கற அதே அலை உங்க அக்கா மூஞ்சில நேரா அடிக்குது. கைல பட்டா சுடுதுனு இழுத்துக்குவோம். கண்ணுக்கு உள்ள அந்தச் சூடு தெரியாது. முட்டையோட வெள்ளை வெந்தா என்ன ஆகும்? திரும்பப் பழையபடி ஆகுமா?"

"பச்சைப் பாக்கெட் வச்சிருக்கா."

"அந்த வீட்டுல புத்தியுள்ளது அது ஒண்ணுதான். சும்மா உக்காந்திருக்கு, எதையும் தொடல." சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. "பிளக் எங்க?"

"அடுப்புக்குப் பின்னால."

"அப்ப கைய விட்டுப் பிடுங்காதீங்க. வாசல் பக்கம் மெயின் இருக்கும், அதை அணைச்சிட்டு என்னக் கூப்பிடுங்க. வேற யாரையும் தொட விடாதீங்க."

"எடுக்க அவ விட மாட்டா. ஏழாம் மாசத்துல அவர் சாமான வெளிய போடுவாளா?"

"அப்ப உண்மையச் சொல்லுங்க."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! உண்மை என்பது என் அடுப்பு, என் டேப், நான் மடித்து வைத்த விரல். அதற்கும் கீழே ஹோ அண்ணனிடம்கூடச் சொல்லாத ஒன்று கிடந்தது. அதைச் சொன்னால் எனக்கு அக்கா இருக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அவளுக்குக் கண் இருக்காது. ஒருநாள் அந்தத் திறந்த முதுகில் அவள் துணி போட்டுத் துடைக்கப் போனால் உயிரும் இருக்காது. எது பெரியது என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அடுத்த இரண்டு நாள் நான் வேறு வழி தேடினேன். தேடினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வழி கிடைத்தது. அவரையே கேட்போம் என்று அக்காவிடம் சொன்னேன். கோயிலில் குறி கேட்பது போலப் பிறைக்கட்டை போட்டுப் பார்ப்போம், அடுப்பை எடுத்துப்போகலாமா என்று அவரே சொல்லட்டும். இரண்டு கட்டையில் ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தால் சம்மதம். இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. மூன்று முறை கேட்டால் ஒரு முறையாவது விழாதா? செத்தவர் வாயால் என் பொய்யைச் சொல்ல வைக்கப் பார்த்தேன்.

அக்கா சம்மதித்தாள். "கேளு. அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும்."

நான்காம் நாள் சாயங்காலம். அத்தானின் படத்துக்கு முன் மண்டியிட்டாள். ஊதுவத்தி ஏற்றி, சிவப்புக் கட்டைகளை நெற்றியில் ஒற்றி, பெயரும் முகவரியும் சொன்னாள். முகவரி சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. அதே வீடுதானே, அவருக்கே முகவரி சொல்லவேண்டியிருக்கிறதே.

"அடுப்ப எடுத்துட்டுப் போறேங்கறா உங்க மச்சினி. சரியா?"

கட்டைகள் தரையில் விழுந்தன. இரண்டும் கவிழ்ந்திருந்தன. இல்லை.

இரண்டாம் முறை. இரண்டும் கவிழ்ந்தன.

மூன்றாம் முறை ஒரு கட்டை உருண்டு, மேசைக்காலில் முட்டி, ஒரு கணம் விளிம்பில் நின்றது.  மற்றதைப் போலவே அதுவும் கவிழ்ந்தது.

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"பாத்தியா? சின்ன வயசுலேந்து நீ கேட்டது எதையும் அவர் இல்லன்னு சொன்னதில்ல. இது மட்டும்தான்."

சமையலறையில் பானை மூடி தடதடக்க ஆரம்பித்திருந்தது. கிண்ணம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. அவள் எழுந்து நாற்காலியை நோக்கி நடந்தாள். நான் வாசல் பக்கம் போய் மெயினை அணைத்தேன்.

வீடு முழுவதும் ஒரே நேரத்தில் அமைதியானது. குளிர்பெட்டியின் ஓசை நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது. ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம் மட்டும்.

"என்னடி பண்ற? போடு வெளக்க. அவர் வர்ற நேரம். இருட்டுல தடுக்கி விழுவார்."

"அவர் வரல அக்கா."

"போடுடி!"

"அது சோத்து ஆவி. பானையோட ஆவி பட்டன்ல படுது. ஹோ அண்ணன் சொன்னார். நீ வேற எடத்துல சோறு வை, அது எரியாது."

 மூடி இன்னும் இரண்டு முறை தட்டி அடங்கியது. சோற்று வாசனை வந்தது. மூன்று நாள் நான் ஒத்திகை பார்த்த சொற்கள் எதுவும் வாயில் இல்லை. இருந்தது மட்டும் வந்தது.

"இதயம் இல்ல அக்கா. அந்த அடுப்புதான். பிளக்க எடுத்தாலும் உள்ள கரண்ட் இருக்குமாம். அவர் விரல்ல அடையாளம் இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு மடிச்சு வச்சுட்டேன்."

இருட்டில் அவள் என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் வலது கையைத் தேடிப் பிடித்தாள்.

"எந்த விரல்?"

"ஆள்காட்டி."

அவள் கட்டைவிரல் என் விரல் நுனியில் அழுந்தியது. "இங்கயா?"

"ஆமா."

"எவ்வளவு பெருசு?"

"அரிசி அளவு."

"இவ்வளவுதானா" என்றாள். தனக்குத்தானே. விரலை விடவில்லை. நகம் பதியும்வரை அழுத்திக்கொண்டே கேட்டாள். "பிளக்க எடுத்திருந்தாரா?"

"எடுத்திருந்தார்."

"அப்ப கவனமாத்தான் இருந்திருக்கார்."

"இருந்தார் அக்கா. நான்தான்..." இங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் என்னை மன்னிக்கக்கூடிய இடம் அதுதான். இருவரும் அழுதுகொண்டு ஹோ அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஐந்து மாதங்களாக என் காதுக்குள் இருந்த ஒன்று வெளியே வர வழி கண்டுவிட்டது. "நான்தான் அப்ப போன் பண்ணினேன். முடிஞ்சுதான்னு கேட்டேன். மறுநாள் வேணும்னு அவசரப்படுத்தினேன். போன எடது கைல வச்சுக்கிட்டு, அந்தக் கைய அடுப்பு மேல ஊனிக்கிட்டுப் பேசிருக்கார். மூடி மட்டும்தான் பாக்கி, ஒரு ஒயர் தள்ளி நிக்குது, உள்ள தள்ளிட்டா முடிஞ்சதுன்னார்."

"அப்புறம்?"

"வேர்க்கடலை உடையற மாதிரி ஒரு சத்தம்."

"அப்புறம்?"

"ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு நேரம் ஒண்ணும் இல்ல?"

"நான் வச்சுட்டேன் அக்கா. லைன் கட்டாயிடுச்சுனு நெனச்சு வச்சுட்டேன். வெங்காயத்தாள் நறுக்கிக்கிட்டிருந்தேன். நறுக்கப் போயிட்டேன்."

என் விரல் விடுபட்டது.

"நான் கீழ வரிசைல நின்னேன்" என்றாள். "இறால் உருண்டை வாங்க. அரை மணி நேரம். பக்கத்துல நின்னவகிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டு. அரை மணி நேரம் அவர் தனியா கெடந்திருக்கார். உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியல அக்கா. அப்ப தெரியல."

"சத்தம் கேட்டிருக்கு."

 கேட்டிருந்தது.

"நாளைக்கு அந்த ஹோவ வரச் சொல்லு" என்றாள். "மெயின போடாத. நான் இருட்டுலயே இருந்துக்கறேன். நீ வராத."

ஹோ அண்ணன் போனார். மாலையில் கடைக்கு வந்து, நின்றபடியே சொன்னார். முதலில் அந்தக் கெபாசிட்டரில் இருந்ததை இறக்கினாராம். பிறகு அக்கா அதைக் காட்டச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தாளாம். சின்னத் தேயிலை டப்பா அளவுதான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வலித்திருக்குமா என்று கேட்டாளாம்.

"என்ன சொன்னீங்க?"

"வலிக்க நேரம் இருந்திருக்காதுன்னேன்."

"நெஜமா அண்ணே?"

"நானென்ன செத்தா பாத்திருக்கேன்" என்றார். திருப்புளியைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "அப்புறம் அந்தப் பச்சைப் பாக்கெட்ட பிரிச்சாங்க. இனி இதுக்கு என்ன வேல, சாப்பிடுங்கன்னாங்க. ரெண்டு பேரும் நின்னு தின்னோம். நமத்துப் போயிருந்துச்சு."

அடுப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டதாகவும், யாரும் மறுபடி சேர்க்க முடியாதபடி கதவையும் ஒயர்களையும் வெட்டிவிட்டதாகவும் சொன்னார். எனக்கு நிம்மதி வரவேண்டும் என்று நினைத்தார் போலும்.

மறுநாள் சாயங்காலம் என் போன் அடித்தது. அக்கா. மணி ஆறு. எடுத்து, அக்கா என்றேன். பதில் இல்லை. சோற்றுப் பானை மூடியின் தடதடப்பு கேட்டது. வேறு எங்கோ வைத்திருக்கிறாள், ஓசை தள்ளி இருந்தது. அவள் மூச்சும் கேட்டது. அக்கா, அக்கா என்று இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு புரிந்தது. அவள் பேசுவதற்காகக் கூப்பிடவில்லை. நான் எவ்வளவு நேரத்தில் வைக்கிறேன் என்று பார்க்கிறாள்.

நான் வைக்கவில்லை. அரை மணி நேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போனது. கடைசியில் அவள்தான் வைத்தாள்.

அடுத்த நாளும் ஆறு மணிக்கு. அதற்கு அடுத்த நாளும். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எண்ணெயை இறக்கிவிட்டு ஓரமாகப் போய் நிற்பேன். அந்த அமைதிக்குள் என்னென்னவோ கேட்கும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, குழாய் சொட்டுவது, அவள் நாற்காலியை நகர்த்துவது. சில நாள் அதற்கும் பின்னால் இன்னும் யாரோ இருப்பது போலத் தோன்றும். அவர் கிடந்த அந்த அரை மணி நேரத்தைத் தினமும் ஒரு முறை அவர் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்று கழிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். அவள் அப்படி நினைக்கிறாளா, என்னைத் தண்டிக்கிறாளா, எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம்.

பதினைந்தாம் நாள் பெரிய படையல் முடிந்தது. அண்ணன்மாருக்கு வழிகாட்ட விளக்குப் படகுகளைக் கடலில் விட்டார்கள். நான் போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், போனை எடுத்து வழக்கம்போல எதுவும் சொல்லாமல் நின்றேன். இருபது நிமிடம் இருக்கும்.

"எடது கண்ணு இன்னும் மங்கலாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நடுவுல புகை மாதிரி. ஊசில நூல் கோக்க முடியல. டாக்டர்கிட்ட போகணும். மருந்து ஊத்தினா படி எறங்கத் தெரியாதாம், கூட ஆள் வேணும்னு சொல்றாங்க." நிறுத்தினாள். "காலைல எட்டு மணிக்கு வா. எதுவும் பேசக்கூடாது. வழியெல்லாம் ஒரு வார்த்த பேசக்கூடாது. சும்மா கூட வா."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் நின்றேன். அவள் வைக்கும்வரை.